மேல்செட், கீழ்செட், டிக்கியில் ஆறு சிடி

அந்தத் தெருவில் அண்ணனுக்குப் பெயர் மேல்செட், தம்பிக்குப் பெயர் கீழ்செட். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர்கள் வீட்டுவரி ரசீதில் பத்திரமாக இருந்தன. அவற்றை வெளியே எடுத்துப் பயன்படுத்த யாருக்கும் தோன்றவில்லை. இருவரும் சேர்ந்து பல்செட் பட்டறை நடத்தினார்கள். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். மேல்வரிசையை அண்ணன் செய்வார், கீழ்வரிசையைத் தம்பி செய்வார். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு ஜன்னல். அண்ணன் தன் வேலையை முடித்து ஜன்னலில் வைப்பார். தம்பி எடுத்துக்கொள்வார். பதினோரு வருஷமாக இருவருக்கும் பேச்சு கிடையாது.

பேச்சில்லாதவர்கள் செய்த பல் எப்படிப் பொருந்தும் என்று கேட்கக் கூடாது. அப்படிப் பொருந்தும். இவர்கள் செய்த செட்டைப் போட்டுக்கொண்ட பெரியவர் ஒருவர் சோடா மூடிகளைக் கடித்தே திறப்பார். அதைப் பார்த்துவிட்டு ஒரு கடைக்காரர் எழுபத்திரண்டாவது வயதில் அவரை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

பொருந்தாமல் போனது ஒரே ஒரு செட்தான். தலைமையாசிரியர் ஒருவர் ஓய்வுபெறும் நாளில் புதுப் பல்லோடு மைக்கின் முன்னால் நின்றார். வாயைத் திறந்ததும் பல் 'டக்' என்றது. அரைமணி நேரம் பேசினார். அரைமணி நேரமும் ஒலிபெருக்கி 'டக் டக்' என்றது. பின்வரிசைப் பையன்கள் எழுந்து அதற்குத் தகுந்தாற்போல் ஆடினார்கள். கீழ்செட் அரை மில்லிமீட்டர் உயரம் என்றார் அண்ணன். மேல்செட் அரை மில்லிமீட்டர் இறக்கம் என்றார் தம்பி. அன்றைக்கு நின்ற பேச்சு அது.

மேல்செட்டின் கோபத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மற்றவர் கலக்கினால் எட்டு நிமிஷத்தில் இறுகும் பிளாஸ்டர், அவர் கோபத்தில் கலக்கினால் மூன்று நிமிஷத்தில் கல்லாகிவிடும். டாக்டர்களுக்கு இது தெரியும். அவசர வேலை இருந்தால் காலையிலேயே போன் போட்டு, "ஐயா இன்னைக்கு எப்படி இருக்கார்?" என்று அவர் மனைவியிடம் கேட்பார்கள். "வழக்கம்போலத்தான்" என்பாள். உடனே அனுப்பிவிடுவார்கள்.

அப்பா விட்டுப்போனதில் பட்டறையும் வீடும் எளிதாகப் பிரிந்தன. மாடி அண்ணனுக்கு, கீழ்த்தளம் தம்பிக்கு. கார்தான் பிரியவில்லை. அதைப் பிரித்துக் கொடுத்தவள் அவர்களின் அக்கா. கோர்ட்டில் முப்பது வருஷம் டைப் அடித்தவள், எதையும் ஷரத்து ஷரத்தாகத்தான் யோசிப்பாள். இரட்டைப்படைத் தேதிகளில் கார் மேல்செட்டுக்கு, ஒற்றைப்படைத் தேதிகளில் கீழ்செட்டுக்கு. முன்சீட்டின் முதுகு வரைக்கும் காரின் முன்பக்கம் தம்பியின் பொறுப்பு, அதற்குப் பின்னால் அண்ணனின் பொறுப்பு. முன்சக்கரம் பஞ்சரானால் தம்பி, பின்சக்கரம் என்றால் அண்ணன். காரைப் பற்றி ஏதாவது தெரிவிக்க வேண்டுமானால் டாஷ்போர்டில் இருக்கும் நோட்டில் எழுதலாம். ஒரு நாளைக்கு ஒரு வரி. அடித்தல் திருத்தல் கூடாது. முதல் மாதத்தில் இருவரும் ஆளுக்குப் பதினெட்டுப் பக்கம் திட்டி எழுதிய பிறகு அக்கா சேர்த்த ஷரத்து இது.

இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. முப்பத்தொன்று ஒற்றைப்படை. மறுநாள் ஒன்றாம் தேதி, அதுவும் ஒற்றைப்படை. ஆக வருஷத்துக்கு ஏழு தடவை தம்பிக்குச் சேர்ந்தாற்போல் இரண்டு நாள். லீப் வருஷத்தில் பிப்ரவரி இருபத்தொன்பதையும் சேர்த்து எட்டு. இதை நினைத்த மாத்திரத்தில் மேல்செட்டுக்குக் காது மடல் சிவக்கும். காலண்டர் கம்பெனிக்கே ஒருமுறை கடிதம் போட்டிருக்கிறார். பதில் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் தம்பி மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது.

மேல்செட்டுக்குப் பிள்ளை கிடையாது. தம்பியோடு பேச்சு நின்றதே ஒழிய, தம்பி மகளோடு நிற்கவில்லை. முதல் பால்பல் விழுந்த அன்று அவள் அழுத அழுகையைப் பார்த்து, ஒரே மணி நேரத்தில் ஒற்றைப் பல் செய்து மாட்டிவிட்டவர் அவர். பிறகு விழுந்த பற்களையெல்லாம் தேதி எழுதித் தீப்பெட்டிகளில் வைத்திருக்கிறார். அவள் மாடிக்கு வந்து அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பெரியப்பா, ஒண்ணாம் தேதி காலைல கிளம்புறேன். அஞ்சு மணி நேரம். நீங்களும் அப்பாவும் சேர்ந்து வந்து என்னை விடணும்."

"அது உங்கப்பன் நாளு."

"யார் நாளா இருந்தா என்ன, நீங்க வர்றீங்க. ஆனா ஒண்ணு. போன தடவை ஆஸ்பத்திரிக்குப் போனப்ப முக்கால் மணி நேரம் ரெண்டு பேரும் உம்முனு வந்தீங்களே, அந்தக் கதையெல்லாம் வேணாம். எனக்கு மூச்சு முட்டிப்போச்சு. ஒண்ணு பேசிக்கிட்டு வாங்க, இல்ல பாட்டாவது போடுங்க. ரெண்டும் இல்லன்னா நான் பஸ்ல போயிக்கிறேன். லீவுக்கும் இந்தப் பக்கம் வரமாட்டேன்."

"பேச்செல்லாம் நடக்காது."

"அப்ப பாட்டு. அந்த டேப் செட்டு கேசட்டைத் தின்னுது. சொல்லிட்டேன். அப்பாகிட்டயும் இதையேதான் சொல்லியிருக்கேன்."

இரண்டு வீட்டு மனைவிமாரும் தங்களுக்குள் நன்றாகத்தான் பேசிக்கொண்டார்கள். ஆனால் கணவன்மார்களின் சேதியை மட்டும் சுமப்பதில்லை என்று எட்டு வருஷத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டார்கள். "நாங்க என்ன தபாலாபீஸா?" என்றார்கள். ஆகவே அண்ணன் என்ன யோசிக்கிறார் என்று தம்பிக்குத் தெரியாது, தம்பி என்ன யோசிக்கிறார் என்று அண்ணனுக்குத் தெரியாது.

இருபத்தெட்டாம் தேதி மேல்செட் காரை எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் ஒயர் கடைக்குப் போனார். கார்களுக்குப் பாட்டு செட் மாட்டுகிறவர்தான் ஒயர். கழுத்தில் எப்போதும் ஒரு சுருள் ஒயரை மாலை மாதிரிப் போட்டிருப்பார், பெயரும் அதுவே ஆகிவிட்டது.

"டேப் செட்டை மாத்திடலாமா சார்?"

"அதைத் தொடாத. அது அவன் பாகம். என் பாகத்துல என்ன செய்யலாம், அதைச் சொல்லு."

ஒயர் தலையைச் சொறிந்துகொண்டு டேப் செட்டின் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். சிடிகளை மாற்றி மாற்றிப் பாட வைக்கும் சேஞ்சர் பெட்டியைச் செருக ஒரு துளை இருந்தது. டிக்கியில் சிடி சேஞ்சரை வைத்துவிடலாம், ஆறு சிடி அடுக்கலாம், கம்பளத்துக்கு அடியில் ஒயரை ஓட்டி முன்னால் செருகினால் டேப் செட்டின் பொத்தானை அழுத்தியே பாட்டைக் கேட்கலாம் என்றார். டிக்கி மேல்செட்டின் பாகம். ஒயரின் கடைசி இரண்டடி மட்டும் தம்பியின் எல்லைக்குள் போகிறது. மேல்செட் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அதை நீ செருகு. என் கை படல," என்றார்.

செருகினார்கள். பாடியது. ஆறு சிடி, ஆறு மணி நேரம். பயணத்துக்கு மேல் ஒரு மணி நேரம் மிச்சம். மேல்செட்டுக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம் பழக்கமில்லாத காரணத்தால் விக்கல் எடுத்தது.

"என் தம்பிகிட்ட மூச்சு விடக் கூடாது. அன்னைக்குக் காலைல பாட்டு வரும்போது அவன் மூஞ்சியை நான் பாக்கணும்."

முப்பதாம் தேதி காலையில் கார்க் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். டேப் செட் இருந்த இடத்தில் நீல வெளிச்சத்தோடு ஒரு புது ஸ்டீரியோ உட்கார்ந்திருந்தது. பொத்தானை அழுத்தினார். அது பளிச்சென்று சிரித்தது. சேஞ்சருக்கு மாற்றினார். 'சிடி இல்லை' என்று எழுதிக் காட்டியது. ஆறு சிடியையும் தன் கையால் அடுக்கியவரிடம் சிடி இல்லை என்றது. நெற்றி நரம்பு புடைத்தது. மாடியில் யாரும் தொடாமல் பொட்டலத்தில் கிடந்த பிளாஸ்டர் மாவு அன்று கெட்டியாகிப் போனதாக அவர் மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

டாஷ்போர்டிலிருந்து நோட்டை உருவினார். பேப்பர் கிழியும்படி அழுத்தி எழுதினார்: 'முன்பக்கத்தை மாற்றியதால் பின்பக்கம் ஊமையாகிவிட்டது, எல்லாம் பழையபடி இருக்க வேண்டும்.' அன்றைய ஒரு வரி முடிந்தது.

அடுத்த பத்தாவது நிமிஷம் ஒயர் கடையில் நின்றார்.

"ஏம்பா, இதை மாட்டினது யாரு?"

"நான்தான் சார். நேத்து உங்க தம்பி வந்தாரு. பொண்ணு ஊருக்குப் போகுதாம், புது செட்டு மாட்டணும்னாரு."

"டிக்கில சேஞ்சர் இருக்குன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் சார்."

"சொன்னியா?"

"நீங்கதானே மூச்சு விடக் கூடாதுன்னீங்க. அவரும் உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னாரு. நான் ரெண்டு நாளா மூச்சே விடல."

"அப்ப பாட்டு ஏன் வரல?"

"செருகிப் பாத்தேன் சார். சரியா உக்காந்துச்சு. ஆனா உள்ள பாஷை வேற. இது ஒரு கம்பெனி, அது ஒரு கம்பெனி. முன்னாடி இருக்கிறவன் 'மூணாவது பாட்டைப் போடு'ங்கிறான், பின்னாடி இருக்கிறவன் 'எவன்டா நீ'ங்கிறான்."

"பாடுதான்னு பாத்தியா?"

"பாக்கல. சத்தம் வெளிய வந்தா உங்க தம்பிக்குத் தெரிஞ்சிடுமே."

கல்லாவின் மேல் மேல்செட் அடித்த அடியில் அலமாரியில் இருந்த பதினான்கு ஸ்பீக்கர்களும் ஒரே நேரத்தில் 'தும்' என்றன. ஒன்றுக்கும் இணைப்பு கிடையாது.

ஒயர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டு வழிகளைச் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் மொழிபெயர்க்க ஒரு சின்னப் பெட்டி உண்டு, ஆனால் வந்துசேர மூன்று வாரம் ஆகும். பழைய டேப் செட்டைத் திரும்ப மாட்டலாம், ஆனால் அது தம்பியின் பாகம். மூன்றாவது வழி, மரத்தில் மோதிய ஒரு காரிலிருந்து கழற்றிய சேஞ்சர் ஒன்று கடையில் கிடக்கிறது. புது ஸ்டீரியோவின் கம்பெனியே.

"அதை மாட்டு."

மாட்டினார்கள். பாடியது. மேல்செட் பின்சீட்டில் உட்கார்ந்து ஆறு சிடியிலும் தலா ஒரு பாட்டைக் கேட்டுச் சரிபார்த்தார். கிளம்பும்போது ஒயரின் முகத்துக்கு நேராக விரலை நீட்டினார்.

"இந்தத் தடவையும் அவன்கிட்ட வாயைத் திறந்தே, அப்புறம் உனக்கு மேல்செட்டு நான் செய்ய வேண்டி வரும்."

ஒயர் அன்று மத்தியானமே கடையைப் பூட்டிக்கொண்டு இரண்டு நாளைக்கு மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார்.

மாலையில் காரை நிறுத்தியபோது நோட்டு மேல்செட்டின் கண்ணில் பட்டது. காலையில் எழுதிய வரி கோபமாக அவரைப் பார்த்தது. இப்போது அந்த வரிக்கு வேலையில்லை, பின்பக்கம் ஊமையுமில்லை. எழுதலாம் என்றால் ஒரு நாளைக்கு ஒரு வரிதான். அடிக்கலாம் என்றால் அடித்தல் திருத்தல் கூடாது. ஷரத்தை மீறி அடித்தாலும், எழுதியதை அண்ணன் வாபஸ் வாங்கிவிட்டான் என்று தம்பி ஒரு சிரிப்புச் சிரிப்பான். அந்தச் சிரிப்பை நினைத்தவுடன் நோட்டைப் படாரென்று மூடினார்.

"கிடக்கட்டும். படிச்சிட்டு எரியட்டும்," என்று ஸ்டியரிங்கிடம் சொன்னார்.

ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு மூன்று பேரும் காரில் ஏறினார்கள். தம்பி ஓட்டினார். மகள் முன்னால். மேல்செட் தன் பாகமான பின்சீட்டில், சேஞ்சருக்கு முதுகைக் கொடுத்து, நல்ல சட்டை போட்டு உட்கார்ந்தார். தெருமுனை திரும்பியதும் தம்பி கழுத்தை லேசாக நிமிர்த்திக்கொண்டு பொத்தானை அழுத்தினார். முகத்தில் ஒரு பெருமை. அந்தப் பெருமையைக் கண்ணாடியில் பார்த்த அண்ணன் முகத்திலும் அதே அளவு பெருமை.

'டிக்' என்றது. பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

தம்பி மறுபடி அழுத்தினார். மேல்செட் முன்னால் எட்டிப் பார்த்தார். நீல வெளிச்சத்தைக் காணோம். பழைய டேப் செட், வாய் திறந்த பொம்மை மாதிரி, தன் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் பட்டறையில் பல் செதுக்கும் மெழுகுக் கத்தியால் நெம்பிய தடம். அந்தத் தடத்தை அவருக்குத் தெரியும். ஒயர் கடை பூட்டியிருந்ததால் தம்பி தன் கையாலேயே வேலையை முடித்திருக்கிறார், பல்லைப் பொருத்துகிற அதே சுத்தத்தோடு. டிக்கியை மட்டும் திறந்து பார்க்கவில்லை. டிக்கி அவர் பாகம் இல்லையே. அங்கே இருந்த புது சேஞ்சருக்கு இந்தப் பழைய செட்டின் பாஷை தெரியாது.

மேல்செட்டுக்கு உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறியது. வயிறு, மார்பு, கழுத்து என்று ஒவ்வொன்றாக ஏறித் தொண்டைக்கு வந்து நின்றது. பல்லைக் கடித்தார். சொந்தப் பல், அதனால் வலித்தது.

தம்பி மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாட்டு வரல. பேச்சும் வரல. சரி. மூணு நிமிஷத்துல பஸ் ஸ்டாண்டு வந்துடும். அப்பா, ஓரமா நிறுத்துங்க. நான் இறங்கிக்கிறேன்."

பாவம், அவள் குரலில் கோபம்கூட இல்லை. மேல்செட்டுக்கு அதுதான் பொறுக்கவில்லை. கோபமே இல்லாமல் ஒரு பெண் வீட்டை விட்டுப் போனால் திரும்பி வருவாளா? பஸ் ஸ்டாண்டின் கூரை தெரிந்தது. தம்பி வாயைத் திறப்பதுபோல் தெரிந்தது, மூடிக்கொண்டார். கார் ஓரம் கட்டியது. மகள் மடியில் இருந்த பையின் வாரைத் தோளில் மாட்டினாள். கதவுக் கைப்பிடியில் கை வைத்தாள்.

"அந்த ஓட்டை டப்பாவை எந்த மடையன்டா திரும்ப மாட்டினது?"

தம்பியிடம் பதினோரு வருஷமாகப் பயன்படுத்தாத குரல். பஸ்ஸுக்கு நின்றிருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

தம்பியின் பிடரி சிவந்தது.

"எவன் பழையபடி இருக்கணும்னு எழுதினானோ, அவனைப் போய்க் கேளு."

"அது முப்பதாம் தேதி காலைல எழுதினதுடா. மத்தியானத்துக்குள்ளயே நான் சேஞ்சரை மாத்திட்டேன்."

"என்ன சேஞ்சரு?"

"டிக்கில இருக்கே, அது."

"டிக்கில என்ன இருக்குன்னு எனக்கெப்படித் தெரியும்? அதைத் தொறந்தா நீ அக்காகிட்ட மனு போடுவ. மாத்தினவன் எழுத வேண்டியதுதானே?"

"ஒரு வரிதானேடா எழுதலாம்."

"அந்த ஒரு வரில திட்டத்தான் தெரிஞ்சுதாக்கும். எத்தனை ஆசையா அந்தப் புது செட்டை வாங்கினேன். ராஸ்கல், உன் எழுத்தைப் பாத்துட்டு, பழசை மாட்டினா உன் பின்பக்கம் பாடும்னு நம்பி ரெண்டு மணி நேரம் குனிஞ்சு கழட்டினேன். இடுப்பு போச்சு."

"யாரைடா ராஸ்கல்ங்கிற? வண்டியை எடு, சொல்றேன்."

தம்பி வண்டியை எடுத்தார். மகள் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, பையைக் காலடியில் இறக்கி வைத்தாள்.

முதல் ஒரு மணி நேரம் சேஞ்சர். அடுத்த முக்கால் மணி நேரம் தலைமையாசிரியரின் பல். அரை மில்லி உயரமா, அரை மில்லி இறக்கமா என்று இருவரும் கத்திய கத்தலில், பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்த லாரிக்காரர் மரியாதையாக ஒதுங்கி, வேறு சாலையில் போய்விட்டார். அதற்குப் பிறகு முப்பத்தொன்றாம் தேதி.

"எண்பது தடவைடா. லீப் வருஷம் மூணையும் சேத்து எண்பது தடவை நீ ரெண்டு நாள் எடுத்திருக்க."

"காலண்டரை நானா அச்சடிச்சேன்?"

"அச்சடிச்சிருந்தா வருஷம் பூரா ஒத்தைப்படையாத்தான் அடிச்சிருப்ப."

முன்சீட்டில் சத்தமே இல்லாததைக் கவனித்து மேல்செட் எட்டிப் பார்த்தார். தம்பி மகள் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது. அவர் போட்டுக்கொடுத்த ஒற்றைப் பல் இருந்த இடத்தில் சொந்தப் பல் ஒழுங்காக முளைத்திருந்தது. அவர் குரலை இறக்கினார். தம்பியும் இறக்கினார். மிச்ச மூன்று மணி நேரமும் இருவரும் கிசுகிசுவென்று, ஒருவரை ஒருவர் கண்டபடி திட்டிக்கொண்டே போனார்கள்.

அவளை இறக்கிவிட்டபோது, "லீவுக்கு வர்றேன் பெரியப்பா. நீங்க ரெண்டு பேரும்தான் வந்து கூட்டிட்டுப் போகணும். அதே கார்ல," என்றாள். திரும்பி வரும் ஐந்து மணி நேரத்திலும் சண்டை தீரவில்லை. பதினோரு வருஷச் சரக்கு.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் மறுநாளிலிருந்து இருவரும் பட்டறையிலும் ஜன்னல் வழியாகப் பேசத் தொடங்கினார்கள். "கொஞ்சம் இறக்கவா?" "வேணாம், நான் ஏத்திக்கிறேன்." இரண்டே வாரத்தில் டாக்டர்களிடமிருந்து போன் வந்தது. எந்தப் பல்லும் பொருந்தவில்லை. சோடா மூடிப் பெரியவர் புது செட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய், மூடியைக் கடித்தார். 'டக்' என்றது. மூடி அசையவில்லை. ஊரில் எந்தத் திருமணத்துக்குப் போனாலும் முன்வரிசையிலிருந்து 'டக் டக்' என்று கேட்டது.

அக்காவை வரவழைத்தார்கள். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய காகிதத்தின் கீழே இரண்டு ஷரத்து டைப் அடித்தாள். பட்டறையில் பேசக் கூடாது. பேசுவதானால் காரில் மட்டும். அதன் பிறகு பல் பொருந்தியது.

அடுத்த முப்பத்தொன்றாம் தேதி காலையில், தம்பி காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒயர் வந்தார். கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. முகமெல்லாம் சிரிப்பு.

"சார், வந்துடுச்சு. நடுவுல இதை மாட்டிட்டா போதும். எந்த சேஞ்சரும் எந்த செட்டோடயும் பேசும். பாட்டு கணீர்னு..."

மாடிப்படியில் இறங்கி வந்த மேல்செட்டின் நெற்றி நரம்பைப் பார்த்து ஒயர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"உன்னை யாரு இப்ப பாட்டு கேட்டா?"

"நீங்கதானே சார், அன்னைக்குக் கல்லாவை அடிச்சு..."

"வண்டில பாட்டுப் பாடினா நாங்க எப்படிடா பேசுறது? எடுத்துட்டுப் போ அந்தக் கருமத்தை."

ஒயர் தன் மேல்வரிசையைக் கையால் மூடிக்கொண்டு நடையைக் கட்டினார். மேல்செட் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் ஆறு சிடியும் சத்தமில்லாமல் கிடந்தன. கதவை அவர் அடைத்த வேகத்தில் முன்கதவு தானாகத் திறந்துகொண்டது.

"எடுடா வண்டியை."

"எங்க போறது?"

"எங்கயாவது போ. முப்பத்தொண்ணு யாருக்குன்னு இன்னைக்கு எனக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும்."

தம்பி துணியை உதறி டாஷ்போர்டில் போட்டுவிட்டு ஏறினார்.

"இன்னைக்கு முடியலன்னா?"

"அதான் நாளைக்கும் உன் நாளாச்சேடா, திருட்டுப்பயலே."